ஈயக்குட்டைக்கும் சுக்காய் பில் வரும்: சுரங்கக் குத்தகை நிலத்தின் வரியை எதிர்ப்பது எப்படி?

மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கில் ரப்பரும் ஈயமும் என்றைக்குமே பக்கத்துப் பக்கத்து வீடுதான். பத்து காஜாவில் பாதியில் நின்றுபோன மாளிகையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித்துக்கு ரப்பர்த் தோட்டமும் இருந்தது, ஈயக் கம்பெனியும் இருந்தது. தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் லம்பத்தில் (ஈயச் சுரங்கத்தில்) வேலைக்குப் போனார்கள். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து விலை சரிந்ததும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. குட்டைகள் மிஞ்சின. இன்று அந்தக் குட்டைகளைச் சுற்றி மீன் வளர்ப்பவர், காய்கறி போடுபவர், மணல் அள்ளுபவர், பழைய குத்தகையை வாங்கி மறுபடியும் ஈயம் கழுவுபவர் என்று பலர். இவர்களில் நம் ஆட்களும் கணிசம். ஜனவரியிலும் ஜூலையிலும் சுக்காய் (வரி) பில் வரும்போது ‘இந்தத் தண்ணிக்குமா வரி?’ என்று கேட்பவர்களும் இவர்கள்தான்.

அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வரியை எதிர்த்துத் தோற்பவர்களில் பலர் தொகையைப் பற்றி மட்டுமே பேசித் தோற்கிறார்கள். யார் போட்ட வரி, எந்த அதிகாரத்தில், எந்தத் தாளில் இருக்கும் நிலத்துக்கு என்ற மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் தொகைக்கு வர வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில் போகிறது. தீபகற்ப மலேசியாவின் சட்டத்தை வைத்து எழுதியது. சபா, சரவாக்கில் சட்டங்கள் வேறு.

பில்லை அனுப்பியது யார்?

சுரங்க நிலத்தின் பெயரில் மூன்று தனித்தனிப் பணம் போகிறது. முதலாவது, ஊராட்சி மன்றம் வாங்கும் மதிப்பீட்டு வரி. நாம் சுக்காய் பிந்து, சுக்காய் தக்சிரான் என்று சொல்வது இதைத்தான். இதன் அடிப்படை 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171. இரண்டாவது, நில அலுவலகம் வாங்கும் நில வரி, சுக்காய் தானா. இது தேசிய நிலச் சட்டத்தின் கீழ் மாநிலத்துக்குப் போவது. மூன்றாவது, சுரங்கக் குத்தகைக்கான வாடகையும் தோண்டிய கனிமத்துக்கான ராயல்டியும். இவை மாநிலக் கனிமச் சட்டத்தின் கீழ் வருபவை.

மூன்றுக்கும் ஆட்சேபிக்கும் இடம் வேறு, கெடு வேறு. மன்றத்து பில்லை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்தில் வரிசையில் நின்றால் ஒரு காலை வேளை போகும். அதற்குள் கெடுவும் போய்விட்டால்தான் சங்கடம்.

‘ராயல்டி கட்டுகிறேனே, அப்புறம் எதற்குச் சுக்காய்?’ என்ற வாதம் காதுக்கு நன்றாக இருக்கும். நீதிமன்றத்தில் நிற்பது கடினம். ராயல்டி மாநிலத்தின் கனிமத்தை எடுத்ததற்கான பணம். மதிப்பீட்டு வரி அந்த வட்டாரத்தில் நிலம் வைத்திருப்பதற்கான பணம்.

நிலம் எந்தத் தாளில் இருக்கிறது?

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பொறுமையாகப் படியுங்கள்.

ஊராட்சிச் சட்டம் வரி போடுவது ‘ஹோல்டிங்’ என்ற அலகின் மேல். தனி நில உரிமைப் பத்திரத்தின் கீழ் இருக்கும் நிலம், கட்டடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு ஹோல்டிங். டி.ஓ.எல். என்கிற தற்காலிக உரிமத்தின் கீழுள்ள நிலமும் ஹோல்டிங்தான். அந்த விளக்கத்தில் சுரங்கக் குத்தகை என்று தனியாக ஒரு சொல் போட்டு எழுதவில்லை. சட்டச் சண்டைக்கான இடைவெளி இங்கேதான் திறக்கிறது.

முதல் நிலைமை: தோட்ட நிலம் உங்கள் பெயரில், அல்லது உங்கள் கம்பெனி பெயரில், கெரானோடு (நில உரிமைப் பத்திரத்தோடு) இருக்கிறது. அதற்குள் தோண்டுவதற்கு லேசென் மெலோம்போங் துவான் புன்யா, அதாவது நில உரிமையாளருக்கான சுரங்க உரிமம், எடுத்திருக்கிறீர்கள். இங்கே ‘சுரங்கத்துக்கு வரி கிடையாது’ என்ற வாதத்தால் பயன் இல்லை. கெரான் இருக்கிறது; ஆகவே ஹோல்டிங் இருக்கிறது. சுரங்க உரிமம் அதன் மேல் விரித்த பாய். மதிப்பை மட்டும் எதிர்க்கலாம்.

இரண்டாவது நிலைமை: அடியில் இருப்பது அரசு நிலம். உங்களிடம் இருப்பது பஜாக்கான் மெலோம்போங், சுரங்கக் குத்தகை மட்டும். இது தேசிய நிலச் சட்டத்தின் கீழ் வழங்கிய உரிமைப் பத்திரம் அல்ல, கனிமச் சட்டத்தின் கீழ் வழங்கியது. ஆகவே ஊராட்சிச் சட்டம் சொல்லும் உரிமைப் பத்திரத்துக்குள் இது அடங்காது என்று வாதிடலாம். தனி எல்லை, தனிப் பதிவு, தனி உரிமையாளர் எல்லாம் இருக்கும்போது இதுவும் உரிமைப் பத்திரம்தான் என்று மன்றம் பதில் சொல்லும். என் கணிப்பில், தொகை பெரிதாக இருந்தால் வழக்கறிஞருக்குச் செலவழிக்கத் தகுதியான வாதம் இது. அரையாண்டுக்குச் சில நூறு ரிங்கிட் என்றால் வேண்டாம்.

மூன்றாவது நிலைமை டி.ஓ.எல். வரி உண்டு, வாதத்துக்கு இடமில்லை. டி.ஓ.எல். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும். மற்றவருக்குக் கைமாற்றவும் முடியாது. முந்தையவர் பெயரில் வந்த பில்லை நீங்கள் கட்டிக்கொண்டிருந்தால், முதலில் உங்கள் பெயரில் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது நிலைமையைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது, ஆனால் ஊரில் அதுதான் அதிகம்: தாளே இல்லை. தாத்தா காலத்திலிருந்து குட்டையோரம் குடியிருக்கிறோம், கொங்சி (தொழிலாளர் கொட்டகை) போட்டிருக்கிறோம், சுக்காய் ரசீது கட்டுக்கட்டாக இருக்கிறது. அந்த ரசீதுகள் கெரான் ஆகாது. எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அரசு நிலத்தில் உரிமை பிறக்காது என்று தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு சொல்கிறது. இவர்கள் பில்லோடு சண்டை போடுவதை ஒத்திவைத்துவிட்டு நிலத்துக்கு விண்ணப்பம் போடுவதே நல்லது.

இன்னொரு குழப்பம் கல்லும் மணலும். கருங்கல், சரளை, மணல், களிமண் ஆகியவை நிலச் சட்டத்தின் பார்வையில் ‘பாறைப் பொருள்’. அவற்றை எடுக்க நில அலுவலகத்தின் அனுமதி வேண்டும், அந்த அனுமதி போராங் (படிவம்) 4சி-யில் வரும். ஈயம், இரும்பு, தங்கம் போன்றவைதான் கனிமச் சட்டத்துக்குள் போகும். மணல் எடுப்பவர் ‘நான் சுரங்கக் குத்தகைக்காரன்’ என்று கடிதம் எழுதினால் முதல் வரியிலேயே அடி வாங்குவார்.

எந்த நிலைமையானாலும் செய்ய வேண்டியது ஒன்று: நில அலுவலகத்திலோ மாநில நில, சுரங்க இயக்குநர் அலுவலகத்திலோ அதிகாரப்பூர்வத் தேடல் ஒன்று எடுங்கள். கூடவே ஊராட்சிப் பகுதியின் எல்லையை அரசிதழில் சரிபாருங்கள். மன்றம் தன் எல்லைக்குள் மட்டுமே வரி போடலாம். தோட்டங்களும் லம்பங்களும் டவுனின் ஓரத்தில்தான் இருக்கும். எல்லைக்கோடு குத்தகையின் நடுவே ஓடுவது அதிசயமல்ல. கோட்டுக்கு வெளியே கிடக்கும் ஏக்கருக்குப் பில் வந்திருந்தால் அதுவே தனி வாதம், நல்ல வாதமும்கூட.

கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

ஜொகூர் மன்றங்கள் நிலமும் கட்டடமும் சேர்ந்த மூலதன மதிப்பை வைத்துக் கணக்கிடுகின்றன. பேராக் உட்பட மற்ற மாநிலங்களில் ஆண்டு மதிப்புதான் வழக்கம். ஆண்டு மதிப்பு என்பது அந்த நிலத்தை ஓராண்டுக்கு வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. பழுதுபார்ப்பு, காப்புறுதி, வரி எல்லாம் உரிமையாளர் தலையில் என்ற அனுமானத்தோடு. வரி விகிதம் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மூலதன மதிப்பு முறையில் 5 விழுக்காடு. நடப்பில் மன்றங்கள் அந்த உச்சத்துக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. ‘விகிதம் அதிகம்’ என்று வாதிடுவதில் பயன் குறைவு என்பதற்கு அதுவே காரணம்.

காலியாகக் கிடக்கும், கட்டடம் இல்லாத நிலத்துக்குக் கணக்கு வேறு: சந்தை விலையில் 10 விழுக்காடுதான் ஆண்டு மதிப்பு. மன்றத்தின் பரிந்துரையின் பேரில் மாநில அரசு இதை 5 விழுக்காடு வரை குறைக்கலாம். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். ஐந்து ஏக்கர் குட்டை நிலத்தின் சந்தை விலை 100,000 ரிங்கிட் என்று மன்றம் வைத்தால் ஆண்டு மதிப்பு 10,000. விகிதம் 6 விழுக்காடு என்றால் ஆண்டு வரி 600, அரையாண்டுக்கு 300. சந்தை விலையை 40,000 என்று நீங்கள் நிரூபித்தால் ஆண்டு வரி 240 ஆகிவிடும்.

அப்படியென்றால் அடிக்க வேண்டிய இடம் சந்தை விலை. மதிப்பீட்டாளர் எந்த நிலத்தோடு ஒப்பிட்டார் என்று கேளுங்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்துவிட்டது என்பதற்காக, முப்பது அடி ஆழத் தண்ணீரும் காலை வைத்தால் உள்ளே இழுக்கும் சேற்று மண்ணும் உள்ள இடத்தை வீட்டு மனையோடு ஒப்பிட்டிருந்தால், அந்த ஒப்பீடு தவறு. இன்னொரு குட்டை, இன்னொரு கழிவு மணல் திட்டு விற்ற விலையைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். நிலப் பரிமாற்ற விலைகளை மதிப்பீட்டு, சொத்துச் சேவைத் துறை, அதாவது ஜே.பி.பி.எச்., தொகுத்து வைத்திருக்கிறது.

வேலை நடக்கும் சுரங்கமானால் இன்னும் இரண்டு வாதங்கள் உண்டு. ஒன்று இயந்திரம். பொருள் செய்யவும், மாற்றவும், விற்பனைக்குத் தயார்ப்படுத்தவும் பயன்படும் இயந்திரத்தால் நிலத்துக்குக் கூடும் மதிப்பை ஆண்டு மதிப்பில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பாலோங் (ஈய மண்ணைக் கழுவும் சாய்வு வாய்க்கால்), பம்பு, சலிக்கும் இயந்திரம் எல்லாம் மண்ணோடு வந்த ஈயத்தை விற்பனைக்குத் தயார்ப்படுத்துபவைதாமே என்று வாதிட இடமுண்டு. கொங்சிக்கும் ஆபீஸ் கொட்டகைக்கும் இது பொருந்தாது.

மற்றது டிரிபியூட். குத்தகைக்காரர் வேறொருவரைத் தோண்டவிட்டு, எடுத்த ஈயத்தின் விலையில் பங்கு வாங்குவது லம்பத்துப் பழைய வழக்கம். அந்தப் பங்கை மன்றம் வாடகை என்று எடுத்துக்கொண்டால் ஆண்டு மதிப்பு எகிறிவிடும். டிரிபியூட் நிலத்தின் வாடகை அல்ல, மண்ணிலிருந்து ஒருமுறை போனால் திரும்பி வராத கனிமத்தின் விலை என்று நீங்கள் சொல்லலாம். மன்றம் எளிதில் ஒத்துக்கொள்ளாது. ஒப்பந்தத்தில் நிலத்துக்கு ஒரு தொகை, கனிமத்துக்கு ஒரு தொகை என்று பிரித்து எழுதியிருந்தால் உங்கள் கை பலமாகும். புதிதாக ஒப்பந்தம் போடுபவர்கள் இதை இப்போதே கவனிக்கலாம்.

பந்தாஹான் (ஆட்சேபம்): முழு வழக்கும் இந்தக் கடிதத்தில்தான்

மன்றம் மதிப்புப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம், நீட்டிப்பதும் வழக்கம். புதுப் பட்டியல் வரும்போது ஊராட்சிச் சட்டத்தின் 142ஆம் பிரிவின் கீழ், மறுஆய்வுக்குக் குறித்த நாளுக்கு 14 நாளுக்கு முன்பாவது ஆட்சேபம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். இடையில் உங்கள் நிலத்தை மட்டும் பட்டியலில் சேர்த்தாலோ மதிப்பைத் திருத்தினாலோ 144ஆம் பிரிவு. அங்கே 30 நாள் முன்னறிவிப்பு வரும், குறித்த நாளுக்கு 10 நாளுக்கு முன் ஆட்சேபம் போக வேண்டும்.

பில் கைக்கு வந்த பிறகு கோபப்படுவதில் பயனில்லை என்பதன் காரணம் இதுதான். பில் கடைசிக் கட்டம். சண்டைக்கான நேரம் அறிவிப்பு வந்த அன்று. அந்த அறிவிப்பு குத்தகையில் பதிவான முகவரிக்குப் போகும்; அது இடிந்துபோன தோட்டத்து லயமாக இருந்தால் கடிதம் உங்களைத் தேடி வராது. முகவரியை மாற்றுங்கள், இன்றைக்கே.

‘கவுன்சிலர் வந்து பார்த்துட்டாரு, பேசிடுறேன்னு சொல்லிட்டாரு, கடிதம் எதுக்குண்ணே?’ என்று கேட்பவர்கள் உண்டு. கவுன்சிலர் பேசட்டும், நல்லதுதான். ஆனால் 145ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக முடிவது, முறைப்படி ஆட்சேபம் எழுதியவருக்கு மட்டுமே. கடிதம் இல்லையென்றால் மேலே போகும் கதவு இல்லை. தவிர, இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. கவுன்சிலர்கள் நியமனத்தில் வருபவர்கள். வரி பிடிக்கவில்லை என்று ஓட்டுப் போட்டு மாற்றுவதற்கு வழியில்லாத இடத்தில், மன்றம் கேட்டே ஆக வேண்டிய உங்கள் குரல் இந்தக் கடிதம்தான்.

சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் சிலவே. மதிப்பு அதிகம், இந்த நிலம் வரிக்கு உட்பட்டதே அல்ல, பட்டியலில் இருக்க வேண்டியது விட்டுப்போயிருக்கிறது, மதிப்பு குறைவு, சேர்த்து மதிப்பிட்டதைப் பிரிக்க வேண்டும் அல்லது பிரித்ததைச் சேர்க்க வேண்டும். நமக்கு உதவுபவை முதல் இரண்டும் கடைசியும். கடைசியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே குத்தகைக்குள் தோண்டும் இடம், தண்ணீர்க் குட்டை, மறுசீரமைத்த நிலம் மூன்றும் இருந்தால், ஒரே விலையை முழுப் பரப்புக்கும் பெருக்கியது சரியா என்று கேட்க வேண்டும்.

கடிதம் மலாயில் இருக்கட்டும். குடும்பக் கஷ்டம், ஈய விலை, கொவிட் காலத்து நஷ்டம் எதுவும் வேண்டாம். அவை தள்ளுபடி கேட்கும் மனுவுக்கு உரியவை. ஹோல்டிங் எண், குத்தகை எண், பரப்பு, மன்றம் போட்ட மதிப்பு, நீங்கள் சரியென்று சொல்லும் மதிப்பு, ஒவ்வொரு காரணமும் தனிப் பத்தியில். இரண்டு காரணங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும் இரண்டையும் எழுதுங்கள்: ‘முதலாவதாக, இது ஹோல்டிங்கே அல்ல, அப்படியே ஹோல்டிங் என்று கொண்டாலும், மதிப்பு மிகை.’ விட்டுவிட்ட காரணத்தைப் பிறகு நீதிமன்றத்தில் புதிதாகக் கிளப்புவது சிரமம்.

இணைக்க வேண்டியவை: தேடல் அறிக்கை, அளவை வரைபடம், தேதியோடு படங்கள். வேலை நடக்கும் சுரங்கத்துக்கு 1994ஆம் ஆண்டின் கனிம மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒப்புதல் பெற்ற சுரங்கச் செயல்பாட்டுத் திட்டம் இருக்கும். எந்தப் பகுதியில் தோண்டலாம், எதைத் தொடக்கூடாது, கழிவு எங்கே தேங்கும் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் தெரியும். அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது, ஏனெனில் அதற்கு ஒப்புதல் கொடுத்ததே அரசாங்கத் துறை. தொகை பெரிதென்றால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். கடிதத்தை முகப்பில் கொடுத்து உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கெடுவின் கடைசி வாரத்தில் தபாலை நம்பாதீர்கள்.

விசாரணை நாள்

நேரில் போகலாம், அதிகாரம் கொடுத்த ஒருவரை அனுப்பலாம். மன்றத்தின் மதிப்பீட்டு அதிகாரி எப்படிக் கணக்கிட்டார் என்று கேட்டு, பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பேச்சைக் குறைத்து வரைபடத்தை விரியுங்கள். கூட வருபவர் கோபக்காரராக இருந்தால் வெளியே டீ வாங்கி வரச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் கட்டுவதா, நிறுத்துவதா?

கட்டுங்கள். ஆட்சேபம் போட்டதாலேயே வரி நிற்காது. முதல் அரையாண்டுக்குப் பிப்ரவரி இறுதி, இரண்டாவதுக்கு ஆகஸ்ட் இறுதி. தவறினால் போராங் இ அறிவிப்பு, பிறகு போராங் எஃப் பறிமுதல் வாரண்டு. அந்த நிலத்தில் நிற்கும் அசையும் சொத்து யாருடையதாக இருந்தாலும் மன்றம் கைவைக்கச் சட்டம் இடம் தருகிறது. சுரங்கத்தில் நிற்கும் எக்ஸ்கவேட்டர் பெரும்பாலும் வாடகைக்கு வந்தது; வரி பாக்கி குத்தகைக்காரருடையது, தலைவலி எக்ஸ்கவேட்டர் முதலாளிக்கு. வேலைக்கு இயந்திரம் அனுப்பும் நம் ஆட்கள் சுக்காய் ரசீதைப் பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

கட்டும்போது ஒரு கடிதம் சேருங்கள். ‘பாயாரான் டிபுவாட் டெங்ஙான் பந்தாஹான்’, ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்ற ஒரு வரி போதும். பின்னால் ஜெயித்தால் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது, ஒத்துக்கொண்டு கட்டினீர்கள் என்ற பேச்சு எழாது.

உயர் நீதிமன்றம்

இரண்டு வழிகள். மன்றத்தின் முடிவு பிடிக்கவில்லையென்றால் 145ஆம் பிரிவின் மேல்முறையீடு. முடிவு கிடைத்த நாளிலிருந்து கெடு ஓடத் தொடங்கிவிடும், அது குறுகிய கெடு. உறையைக்கூடத் தேதியோடு பத்திரப்படுத்தி அந்த வாரமே வழக்கறிஞரிடம் போங்கள். மன்றத்துக்கு அதிகாரமே இல்லை, விசாரணையே நடத்தவில்லை, எல்லைக்கு வெளியே வரி போட்டது என்பது போன்ற குறைகளுக்கு நீதிமுறை மறுஆய்வு. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53ஆம் ஆணை. மூன்று மாதத்துக்குள் மனு, அதற்கு முதலில் அனுமதி வாங்க வேண்டும். மதிப்பு அதிகம் என்பதை மட்டும் தூக்கிக்கொண்டு மறுஆய்வுக்குப் போனால், மேல்முறையீட்டு வழி இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்கள்.

இந்தியத் தீர்ப்பைக் காட்டினால்?

வாட்சாப்பில் சுற்றும் செய்தி இது, ஆகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஊராட்சிச் சட்டத்தின் கீழ் சுரங்க ராயல்டியின் மேல் போட்ட வரியை 1989இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் செல்லாது என்றார்கள். ராயல்டியே ஒரு வரி என்றும் சொன்னார்கள். 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அதைப் புரட்டிப் போட்டது: ராயல்டி வரி அல்ல, கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம். மாறுபட்டவர் நீதிபதி நாகரத்னா. தமிழ்நாடும் அந்த ஆண்டே கனிமம் உள்ள நிலங்களுக்கு வரிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆக, பழைய தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு புதியதை எடுத்து நீட்டும்.

அதைவிட முக்கியம், அங்கே சண்டை வந்ததற்குக் காரணம் கனிம ஒழுங்குமுறையில் மத்திய அரசின் சட்டம் மாநிலத்தின் வரி அதிகாரத்தை எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்ற கேள்வி. மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் நிலமும், சுரங்கக் குத்தகையும், ஊராட்சி வரியும் ஒரே மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே எடுபட்ட அரசமைப்பு வாதத்துக்கு இங்கே பிடிமானம் குறைவு. ‘இது பெரிய அரசமைப்பு வழக்கு’ என்று முதல் சந்திப்பிலேயே சொல்லும் வழக்கறிஞரிடம், ஹோல்டிங் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

நில வரி பில்லானால்

கெரான் உள்ளவர்களுக்கு மட்டும். நில வரிக்குக் கெடு மே 31. பாக்கியானால் போராங் 6ஏ வரும். மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலமே மாநிலத்துக்குப் போகலாம். இது மன்றத்து வாரண்டைப் போல இயந்திரத்தோடு நிற்கும் விஷயம் அல்ல. நிலத்தின் வகை விவசாயமா, தொழிலா என்பதைத் தவறாக எடுத்து வரி கணக்கிட்டிருந்தால் எழுத்தில் கேளுங்கள். நில நிர்வாகியின் முடிவுக்கு எதிராகத் தேசிய நிலச் சட்டத்தின் 418ஆம் பிரிவின் கீழ் மூன்று மாதத்துக்குள் நீதிமன்றம் போகலாம். 6ஏ கையில் இருக்கும்போது மட்டும் முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வாதாடுங்கள். உரிமையாளர் கட்டாமல் ஓடிவிட்டால், நிலத்தில் பதிவான உரிமை வைத்திருக்கும் மற்றவர், எடுத்துக்காட்டாக அடமானம் வாங்கிய வங்கியோ பதிவுசெய்த குத்தகைக்காரரோ, அவர் சார்பில் கட்டி நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வாய்ப்பேச்சில் நிலத்தை எடுத்து மீன் வளர்ப்பவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.